தோளில் பதிந்த தடம்: மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சையை எண்ணிப் பார்த்தல்

மார்பு பாரமாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மட்டக்களப்புச் சித்தாண்டியில் எந்தப் பெண்ணும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கழுத்து உளைவு என்று போவாள், தோள்மூட்டு நோவு என்று போவாள், பின்னேரமானால் தலையிடி என்று போவாள். வெளிநோயாளர் பிரிவில் பனடோலும் பூச்சு மருந்தும் கிடைக்கும். அடுத்த மாதம் திரும்பவும் அதே வரிசையில் நிற்பாள். சட்டையைத் தோளிலிருந்து சற்று விலக்கினால் சங்கதி வெளியில் வந்துவிடும். பிராப் பட்டி வருடக்கணக்காக அழுத்தியதில் தோளில் பள்ளம் விழுந்திருக்கும். சுண்டுவிரலை அதில் கிடத்தலாம். அவ்விடத்துத் தோல் கறுத்துத் தடித்திருக்கும். மார்பின் கீழ்மடிப்பில் வியர்வை தேங்கிப் பூஞ்சணம் பற்றிச் செம்புண்ணாகியிருக்கும். பழைய பருத்தித் துணியை மடித்து அந்த மடிப்புக்குள் செருகியிருப்பாள். சிலருக்குச் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் விறைக்கும். பட்டி இழுத்துத் தோள் தாழ, கைக்குப் போகும் நரம்புகள் இழுபடுவதால் வருவது அது.

இந்த நோவுக்கு நம்பத்தக்க மருந்து ஒன்று உண்டு, அது கத்தி. ஆனால் யாருக்கு, எந்த வயதில், அதற்குப் பிறகு வீட்டில் கிணற்றுத் தண்ணீர் அள்ளுவது யார் என்ற கேள்விகளுக்கு விடை வைத்துக்கொண்டுதான் கத்தியிடம் போக வேண்டும் என்பது என் கட்சி.

மார்பகம் பால் சுரப்பியும் கொழுப்பும் அவற்றைத் தாங்கும் நாருமாக அமைந்தது. அளவுக்கு மிஞ்சிப் பெருக்கும் காலங்கள் மூன்று: பெரியபிள்ளையாகும் பருவம், கர்ப்பமும் பாலூட்டலும், பிறகு உடல் எடை கூடும் நடுவயது. முதற் பருவத்தில் பெருப்பது பெரும்பாலும் சுரப்பியும் நாரும்தான். பட்டினி கிடந்தாலும் அது கரையாது. நடுவயதில் சேர்வதில் கொழுப்பு அதிகம். எடை குறைந்தால் அதுவும் ஓரளவு குறையும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், “கொஞ்சம் மெலி பிள்ளை, எல்லாம் சரியா வரும்” என்று பதினெட்டு வயதுக்காரிக்கும் நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்புகிறார்கள். பாரம் சுமந்துகொண்டு ஓடவோ வேகமாக நடக்கவோ முடியாதவளிடம் ஓடி மெலியச் சொல்வதில் உள்ள முரண் சொல்பவருக்கு உறைப்பதில்லை.

சத்திரசிகிச்சை இல்லாமல் சமாளிக்கலாமா என்பதை ஆராயாமல் விடவில்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மார்பு பெருத்த பெண்கள் எடை குறைத்தல், தனிவகை பிரா, இயன்மருத்துவம், நோவு மாத்திரை என்று முயன்றவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துப் பார்த்தது. அவற்றால் கிடைத்தது தற்காலிக ஆறுதல். நிலைத்த நிவாரணம் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கே கிடைத்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. கழுத்து, தோள், முதுகு நோவுகள் குறைவதிலும் வாழ்க்கை மீதான திருப்தி கூடுவதிலும் இதற்கு நிகரான பலன் தரும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைகள் அதிகம் இல்லை. ஆனாலும் முதலில் சரியான பிராவைப் போட்டுப் பார்ப்பது நியாயம். இங்கே அதுவே ஒரு சிக்கல். கடைத்தெருத் துணிக்கடைகளில் பிராவுக்கு 34, 36, 38 என்று சுற்றளவு இலக்கம்தான் உண்டு. கிண்ணத்தின் அளவை யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. மார்பு பெருத்தவள் இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போவாள். சுற்றுப்பட்டி தளர்ந்து முதுகில் மேலேறிவிடும், முழுப் பாரமும் தோள்பட்டியில் தொங்கும். பாரத்தைத் தாங்க வேண்டியது நெஞ்சைச் சுற்றி இறுகி நிற்கும் பட்டி, தோள்பட்டி துணைக்குத்தான்.

இது அழகுக்குச் செய்வதா, நோய்க்குச் செய்வதா என்ற வழக்கு எல்லா நாட்டிலும் நடக்கிறது. தீர்ப்பைப் பொறுத்துத்தான் செலவை யார் ஏற்பது என்பதும் இருப்பதால் அந்த வழக்கு ஓய்வதில்லை. அமெரிக்காவில் 1991இல் ஷ்னூர் என்ற வைத்தியர் உடற்பரப்பையும் வெட்டியெடுக்கும் எடையையும் ஒப்பிட்டு ஓர் அளவுகோலை வகுத்தார். காப்புறுதிக் கம்பனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. இங்கிலாந்தின் அரச சுகாதார சேவை 2018இல் வகுத்த நெறி, ஒவ்வொரு பக்கத்திலும் 500 கிராமாவது எடுக்க வேண்டியிருக்க வேண்டும், உடல்நிறைச் சுட்டெண் 27க்குக் கீழே ஒரு வருடமாவது நிலைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கிறது. லண்டனில் இருக்கும் எங்கள் பெண்கள் பலர் இந்த 27 என்ற வாசலிலேயே மறிபடக்கூடும். எடை கூடியவர்களுக்குப் புண் ஆறுவது பிந்தும் என்பது உண்மைதான். அதற்காக நோவு கூடியவளையே வெளியில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் 2018 பெப்ரவரியில் சந்திக்கு வந்தது. சென்னை ஸ்டான்லி அரச மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் மார்பகச் சத்திரசிகிச்சைகளை இலவசமாகச் செய்யும் சிறப்புக் கிளினிக்கை அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் தொடக்கி வைத்தார். பத்திரிகைகள் பெரிதாக்கலை மட்டும் பிடித்துக்கொண்டு கேலித் தலைப்புப் போட்டன. அரசாங்கப் பணத்தில் அலங்காரமா என்று சிலர் சீறினர். தோள் நோவும் முதுகு நோவுமாக மார்பைக் குறைக்கக் கேட்டு வரும் ஏழைப் பெண்களைப் பற்றிய பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. பணக்காரி தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டால் சிகிச்சை, ஏழை அரசாங்கத்தில் கேட்டால் ஆடம்பரம் என்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் இதற்குக் கேலி கிடையாது, பேச்சே கிடையாது. வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு எங்கும் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும், வழக்குரை படிப்பார்கள். மார்பைத் திருகி எறிந்து ஊரை எரித்தவளின் கதையைத் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மகள் தன் மார்பு நோகிறது என்று அதே தாயிடம் சொல்லக் கூசுவாள்.

வரலாற்றில் முதலில் எழுதிவைக்கப்பட்ட மார்பகக் குறைப்பு ஆண்களுக்கானது. ஏழாம் நூற்றாண்டில் ஈஜினாவின் பவுல் என்ற கிரேக்க வைத்தியர், ஆண்களின் மார்பு பெண்களுடையதுபோல் வீங்கினால் எப்படிக் கீறி எடுப்பது என்று எழுதினார். பெண்களுக்கான முறைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருப்பெற்றன. பெரிய சிக்கல் முலைக்காம்பு. மார்பைச் சிறிதாக்கினால் காம்பை மேலே நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது அதற்கு வரும் இரத்தம் அறுபடக் கூடாது. 1922இல் மக்ஸ் தொரெக் காம்பை முழுதாக வெட்டியெடுத்து மேலே தோல் ஒட்டுப்போல் ஒட்டினார். அது உயிர் பிழைக்கும், ஆனால் உணர்ச்சியும் பால் வழியும் போய்விடும். மிகப் பெரிய மார்புகளுக்கு இன்றைக்கும் சில வேளை இதுவே வழி. 1930இல் ஷ்வார்ட்ஸ்மன் காம்பைச் சுற்றிய தோலின் உட்படையைக் காத்து இரத்த ஓட்டத்தைக் காப்பாற்றலாம் என்று காட்டினார். 1956இல் ரொபர்ட் வைஸ் வகுத்த வெட்டுமாதிரியைத் தையற்காரர் சட்டை வெட்டும் அச்சுப்போல் வைத்தியர்கள் பின்பற்றினர். தழும்பு காம்பைச் சுற்றி, கீழ்நோக்கி, பிறகு மடிப்பின் நீளத்துக்கு என்று நங்கூர வடிவில் விழும். பெல்ஜியத்தின் மடலேன் லெஜூர், கனடாவின் எலிசபெத் ஹோல்-ஃபிண்ட்லே ஆகிய இரு பெண் வைத்தியர்கள் 1990களில் செங்குத்துத் தழும்பு முறையைப் பரப்பினார்கள். மடிப்போரத் தழும்பு அதில் இல்லை, அல்லது மிகச் சிறியது. எது தனக்குப் பொருந்தும் என்பதை நோயாளி இணையப் படங்களைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. மார்பின் அளவு, தொங்கல், தோலின் இழுவை, சத்திரசிகிச்சை நிபுணரின் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். ஆனால் “காம்பை எந்தப் பக்கத்துத் திசுவோடு விடப் போகிறீர்கள்?” என்று கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு.

அந்தக் கேள்வி முக்கியமாவது பிள்ளை பெற இருப்பவளுக்கு. காம்புக்கு நேர் கீழேயுள்ள திசுத்தூண் முழுதாகக் காக்கப்பட்டால் பாலூட்டும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அது முற்றாக அறுபட்டால் மிக அரிது என்பதை 2017இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று தெளிவாக்கியது. இங்கே பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா வறையும் காயச்சரக்கும் ஊட்டிப் பால் ஊறவைக்கப் பாடுபடுவார்கள். பால் இல்லை என்றால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஆகவே கலியாணமாகி, பிள்ளைகளைப் பெற்று, பால்குடி மறந்து ஆறுமாதமாவது கழிந்தபின் செய்துகொள்வது பலருக்கு வசதி. கர்ப்பத்தில் மார்பு திரும்பவும் பெருக்கலாம் என்பதும் ஒரு காரணம். ஆனால் வசதியை விதியாக்கக் கூடாது. இருபது வயதில் முதுகு கூனத் தொடங்கியவளைப் பதினைந்து வருடம் பொறுத்திரு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ரொமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹலெப் 2009இல், பதினேழு வயதில், மார்பைக் குறைத்துக்கொண்டார். 2018இல் பிரெஞ்சு ஓபனையும் 2019இல் விம்பிள்டனையும் வென்றார். எங்கள் பள்ளிக்கூடங்களில் வலைப்பந்து அணியிலிருந்து காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது. இளவயதில் ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: மார்பின் வளர்ச்சி நின்று ஒரு வருடமாவது அளவு மாறாமல் இருக்க வேண்டும். இல்லையேல் வெட்டிய பிறகும் வளரும்.

புற்றுநோய்ப் பயம் இரு பக்கமாகவும் வருகிறது. மார்பில் கத்தி பட்டால் புற்று வரும் என்று சொல்பவர்களுக்கு ஆதாரம் இல்லை. சுவீடனில் நெடுங்காலம் கண்காணித்த ஆய்வுகளில், குறைப்புச் செய்துகொண்ட பெண்களுக்கு மார்பகப் புற்று வரும் ஆபத்து குறைந்தே காணப்பட்டது. வெட்டியெடுத்த திசு நோயியல் ஆய்வுக்குப் போகும். அதில் மறைந்திருந்த புற்று பிடிபடுவது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இலங்கைப் பெண்களிடையே முதலிடத்திலுள்ள புற்று மார்பகப் புற்றுதான் என்பதால் சத்திரசிகிச்சைக்கு முன் பரிசோதனை அவசியம். நாற்பது தாண்டியவர்களுக்கு மமோகிராம் கேட்பார்கள்.

சித்தாண்டியிலிருந்து வழி எப்படி? 1996இலிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதை எட்டிய பெண்களுக்கு மார்பையும் கருப்பைக் கழுத்தையும் பார்ப்பார்கள். வெட்கப்படாமல் சட்டையைக் கழற்றி, “மிஸ், இதையும் ஒருக்கா பாருங்க” என்று தோள் பள்ளத்தைக் காட்டத் தோதான இடம் அதுவே. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தள்ளியுள்ள மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போகலாம். தேவைப்பட்டால் கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுள்ள இடங்களுக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் காசில்லை, காத்திருப்பு உண்டு. தீக்காயமும் விபத்தும் புற்றும் முன்னுக்கு வரும், அது நியாயமும்கூட. தனியாரில் சனல் பண்ணிச் செய்தால் பல இலட்சம் ரூபா. காத்திருக்கும் காலத்தை வீணாக்கத் தேவையில்லை. எத்தனை நாள் தலையிடி, எத்தனை முறை மடிப்பில் புண், எந்த வேலையை விட்டாள் என்று ஒரு கொப்பியில் எழுதிவந்தால், ஐந்து நிமிடக் கிளினிக்கில் வாய் எழும்பாதபோது அந்தக் கொப்பி பேசும்.

ஆயத்தத்தில் ஒன்றை எங்கள் பக்கத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். புகைப்பவர்களுக்குக் காம்பும் தோலும் அழுகும் ஆபத்து பெரிது என்பதால் நாலு கிழமையாவது முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். “புகைப்பீர்களா?” என்று கேட்டால் எங்கள் பெண்கள் இல்லை என்பார்கள், அது உண்மை. வெற்றிலையோடு போடும் புகையிலையை யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. வாயால் போனாலும் நிக்கொட்டின் நிக்கொட்டின்தான், நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும். கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும், நிறுத்தியும் விட வேண்டும். சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும், இரத்தச்சோகை தீர்ந்திருக்க வேண்டும்.

சத்திரசிகிச்சை நாளில் மயக்க மருந்துக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும் என்பதால் நிற்கவைத்து அல்லது நிமிர்ந்து இருக்கவைத்து மார்க்கர் பேனையால் கோடு போடுவார்கள். தொண்டைக்குழியிலிருந்து காம்பு வரை அளப்பார்கள். நடுத்தர மார்பில் இது 21 முதல் 23 சென்ரிமீற்றர். பெருத்த மார்பில் முப்பதைத் தாண்டும், நாற்பதையும் எட்டும். புதிய காம்பின் இடம் கீழ்மடிப்பின் மட்டத்துக்கு நேராகக் குறிக்கப்படும். கூச்சத்தோடு நிற்க வேண்டிய கால் மணித்தியாலம் இது. கூடவே ஒரு பெண் தாதி நிற்பாள். பிறகு முழு மயக்கத்தில் இரண்டு முதல் நாலு மணித்தியாலம். வடிகுழாய் வைப்பது நிபுணரின் விருப்பம். அதனால் பெரிய பலனில்லை, தங்கும் நாள்தான் கூடுகிறது என்கின்றன ஆய்வுகள். ஓரிரு நாளில் வீடு.

வீட்டுக்கு வந்தபின் நடப்பதுதான் இந்தக் கதையின் பெரும்பகுதி. நோவு பலர் பயந்த அளவுக்கு இராது, முதற்கிழமைக்குப் பிறகு பனடோலே போதும். நிமிர்ந்து படுக்கத்தான் வேண்டும், தலைமாட்டில் இரண்டு தலையணை. கம்பியில்லாத, இறுக்கமான பிராவை இரவும் பகலும் ஆறு கிழமை போட வேண்டும். தலைக்கு மேலால் போடும் சட்டை ஆகாது. முன்னுக்குத் தெறி வைத்த சோட்டி இரண்டு மூன்றை முன்கூட்டியே தைத்து வைத்துக்கொள்வது புத்தி. கைகளைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, பாரம் எடுக்கக் கூடாது. இந்த ஒற்றை வரியை வைத்தியர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சித்தாண்டி வீட்டில் அதன் பொருள் என்னவென்றால்: கிணற்றில் வாளி இழுக்க முடியாது, தேங்காய் துருவ முடியாது, முற்றம் கூட்ட முடியாது, ஈரத்துணி பிழிந்து கொடியில் போட முடியாது, இடுப்பில் பிள்ளையைத் தூக்க முடியாது. இரண்டு மூன்று கிழமையில் மேசை வேலைக்குத் திரும்பலாம் என்று மேல்நாட்டுக் கையேடுகள் சொல்வது அலுவலகக்காரிக்குப் பொருந்தும். உடம்பால் உழைப்பவளுக்கு முழுதாக ஆறு கிழமை வேண்டும்.

இங்கேதான் மட்டக்களப்பு வழக்கம் துணைக்கு வருகிறது. பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுத்து மாப்பிள்ளை பெண்பக்கம் வந்து குடியிருப்பது எங்கள் முறை. தாய் ஒரு வளவில், அக்கா பக்கத்து வளவில், சின்னம்மா வேலிக்கு அப்பால். மாமியார் வீட்டில் சத்திரசிகிச்சையை ஒளித்துப் படுத்துக் கிடக்கும் மருமகளுக்கு இல்லாத வாய்ப்பு இது. ஆனால் தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்விட்ட வீடும், துணையில்லாமல் ஒருத்தியே குடும்பம் நடத்தும் வீடும் இங்கே குறைவில்லை. அப்படியானவள் திகதி குறிக்கும் முன் ஆளைக் குறிக்க வேண்டும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது இறுகிய பிராவுக்குள் வியர்த்து மடிப்புத் தையல் ஊறும். மாரியில் வெள்ளம், 2011 ஜனவரியில் நடந்ததுபோல் வீதி மூடிவிட்டால் மருந்து கட்டப் போக முடியாது, சந்தனமடு ஆறு பெருகினால் அதற்கப்பால் உள்ளவர்களின் பாடு இன்னும் மோசம். மாசி பங்குனி நல்ல காலம், ஆனால் அது பெரும்போக அறுவடை நேரம், வீட்டில் ஒரு கை குறைந்தாலும் இடிக்கும். வைத்தியசாலை கொடுக்கும் திகதியைத்தான் எடுக்க முடியும் என்றாலும், தெரிவு கிடைத்தால் அறுவடையைக் கூலிக்கு விட்டுவிட்டு மாசியை எடுப்பதே என் யோசனை.

சாப்பாட்டில் கிரந்தி என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டு இரசமும் சோறுமாகப் பத்தியம் காப்பது புண்ணுக்குச் செய்யும் துரோகம். தோல் ஒட்டப் புரதம் வேண்டும். இறாலும் கத்தரிக்காயும் மனதுக்கு ஒவ்வாவிட்டால் விடட்டும். வாவி மீனும் பருப்பும் முட்டையும் கட்டாயம். நங்கூரத் தழும்பின் கோடுகள் சந்திக்கும் முனையில் இரண்டாம், மூன்றாம் கிழமைகளில் புண் சற்று வாய் திறப்பது சாதாரணம். பார்க்கப் பயமாயிருக்கும், ஒழுங்காக மருந்து கட்டினால் ஆறிவிடும். மஞ்சள், எண்ணெய், இலைச்சாறு எதையும் திறந்த புண்ணில் வைக்கக் கூடாது. காத்திருக்காமல் ஓட வேண்டிய அறிகுறிகள் வேறு: முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகுதல், காம்பு நீலமாகி அல்லது கறுத்து வருதல், காய்ச்சலோடு சிவப்புப் பரவுதல், கெண்டைக்கால் நோவு, மூச்சு முட்டுதல்.

மின்னல் பாய்வதுபோல் சுள்ளென்ற குத்து மாதக்கணக்கில் வந்துபோகும். நரம்புகள் மீளும்போது அப்படித்தான். காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். இரு பக்கமும் அச்சொட்டாக ஒன்றாயிரா. வீக்கம் முழுதாக வற்ற மூன்று முதல் ஆறு மாதம், தழும்பு நிறம் மங்க ஒன்றரை வருடம்வரை. எங்கள் நிறத்தவருக்குத் தழும்பு தடித்து மேலெழும்பும் போக்கு வெள்ளையரைவிட அதிகம். காதுகுத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ முன்பே தடித்திருந்தால் அதை வைத்தியரிடம் காட்ட வேண்டும், சிலிக்கோன் தகடோ ஜெல்லோ எழுதித் தருவார். கலியாணமாகாதவளுக்கு இந்தத் தழும்பை யாரிடம் எப்போது சொல்வது என்ற கவலை இருக்கும். சத்திரசிகிச்சைக்கு முன்பே அதைத் தாயோடு பேசித் தீர்ப்பது, பிறகு ஒளித்துத் திரிவதைவிட இலேசு.

கடைசியாக, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோயறிக்கை அட்டையைப் பொலித்தீன் பையில் போட்டு அடையாள அட்டையோடு பத்திரப்படுத்த வேண்டும். எந்தப் பக்கத்துத் திசுவில் காம்பு நிற்கிறது, ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை கிராம் எடுத்தார்கள், நோயியல் முடிவு என்ன என்பது அதில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டு எழுதுவித்துக்கொள்ள வேண்டும். பத்து வருடத்துக்குப் பிறகு மமோகிராமில் தெரியும் தழும்புத் திசு எது என்று பிரித்தறியவும், திரும்ப வெட்ட நேர்ந்தால் காம்புக்கு இரத்தம் எந்த வழியால் வருகிறது என்று அடுத்த நிபுணர் அறியவும் அந்த மூன்று வரிகள் தேவைப்படும்.